நாற்றங்காலும் நடவு வயலும்: அறிவியல் பூங்காக்களும் தொழில் வளர்காப்பகங்களும்

நம் குடும்பங்களில் இன்று பொறியியலும் அறிவியலும் பயின்று வெளிவரும் பிள்ளைகள் பலர். படிப்பு முடிந்ததும் வீட்டில் எழும் வினா முன்பெல்லாம் ஒன்றே: அரசுப் பணியா, தனியார் பணியா? இப்பொழுது மூன்றாவது வழி ஒன்றும் பேசப்படுகிறது. நண்பர்களுடன் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கப் போவதாகவும், அதற்கு ஆய்வுப் பூங்காவில் இடம் கிடைத்திருப்பதாகவும் மகனோ மகளோ கூறும்பொழுது பெற்றோர் திகைக்கின்றனர். பூங்கா என்றால் என்ன, அங்கே யார் யாருக்கு என்ன கொடுக்கின்றனர், அதற்கு ஈடாக எதைப் பெறுகின்றனர் என்பன அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியாத ஒன்றை அஞ்சி மறுத்துவிடுவோரும் உளர்; தெரியாத ஒன்றை நம்பிச் சொத்தை விற்றுவிடுவோரும் உளர். இரண்டிற்கும் காரணம் அறியாமையே.

ஆதலின் இப்பாடத்தில் நாம் மூன்று செய்திகளை முறையாகக் காண்போம். இவ்வமைப்புகள் யாவை, எவ்வாறு தோன்றின என்பது முதலாவது. இவை உள்ளே எவ்வாறு இயங்குகின்றன என்பது இரண்டாவது. பிள்ளை இவ்வழியைத் தேர்ந்தெடுத்தால் குடும்பம் எவற்றை ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பது மூன்றாவது.

1. சொற்களும் பொருளும்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சென்னையிலுள்ள கிண்டித் தொழிற்பேட்டை 1958ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. சிறுதொழில் செய்வோருக்கு இடமும் மின்சாரமும் சாலையும் ஓரிடத்தில் கிடைக்கச் செய்வதே தொழிற்பேட்டையின் நோக்கம். தரமணியிலுள்ள டைடல் பூங்கா 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான அலுவலகக் கட்டடம். இவ்விரண்டும் பயனுள்ளவையே, ஆயினும் நாம் இங்கே பேசும் அறிவியல் பூங்கா இவற்றினின்றும் வேறானது.

அறிவியல் பூங்கா என்பது ஒரு பல்கலைக்கழகத்தையோ ஆய்வு நிலையத்தையோ ஒட்டி அமைவது. அங்கே இடம்பெறும் நிறுவனங்கள் பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் ஆய்வுக்கூடங்களோடும் தொடர்பு கொண்டு இயங்க வேண்டும். அத்தொடர்பே அதன் உயிர். அது இல்லையேல், எத்துணை அழகிய கட்டடமாயினும், அது வெறும் வாடகை இடமே.

தொழில் வளர்காப்பகம் என்பது இன்னும் சிறியது. புதிதாகப் பிறந்த நிறுவனத்தைக் குறிப்பிட்ட காலம் வரை தன்னிடத்தே வைத்து, இடமும் கருவியும் அறிவுரையும் சிறிது பணமும் தந்து, தன் காலில் நிற்கச் செய்து வெளியே அனுப்புவது அதன் பணி. வேளாண் குடியிற் பிறந்த நமக்கு இதனை விளக்க நாற்றங்காலே போதும். விதையை நேரே வயலில் வீசாமல், சிறிய பாத்தியில் நெருக்கமாக விதைத்து, நீரும் எருவும் கண்காணிப்பும் தந்து வளர்த்து, பின் பிடுங்கி நடுகிறோம் அல்லவா? நாற்றங்காலில் கதிர் அறுப்பதில்லை. உரிய நாளில் பிடுங்காமல் முற்றிய நாற்று, நட்டபின் நன்றாகத் தூர் கட்டுவதுமில்லை. வளர்காப்பகத்திற்கும் இவை இரண்டும் பொருந்தும்.

2. நிலத்தை விற்க இயலாத பல்கலைக்கழகம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திற்கு அதன் நிறுவனர்கள் ஏராளமான நிலத்தை வழங்கியிருந்தனர். ஆனால் அந்நிலத்தை விற்கக் கூடாது என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல்கலைக்கழகத்திற்குப் பணம் தேவைப்பட்டது. விற்க இயலாத நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு விடுவதே வழியாயிற்று. 1951ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு தொழிற் பூங்கா இவ்வாறு தோன்றியது. இன்று அது ஏறத்தாழ 700 ஏக்கர் பரப்பில் ஆய்வுப் பூங்கா என்னும் பெயரால் விளங்குகிறது.

குத்தகைப் பணம் மட்டுமே நோக்கமாயிருந்தால் யாருக்கு வேண்டுமானாலும் விட்டிருக்கலாம். பொறியியல் துறைத் தலைவராயிருந்த பிரடரிக் டெர்மன் வேறுவிதமாகச் சிந்தித்தார். பல்கலைக்கழகத்தின் ஆய்வோடு தொடர்புடைய நிறுவனங்களே அங்கு வரவேண்டும் என்று அவர் விரும்பினார். வேரியன் என்னும் மின்னணுவியல் நிறுவனம் முதலில் இடம் பெற்றது. பின்னர் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனமும் அங்கு வந்தது.

ஹியூலெட்டும் பேக்கார்டும் டெர்மனின் மாணவர்கள். அவர்கள் 1939ஆம் ஆண்டில் பாலோ ஆல்டோ நகரில் ஒரு வீட்டின் வாகனக் கொட்டகையில் 538 டாலர் முதலீட்டில் தொழில் தொடங்கினர். ஒலி அலைகளை உண்டாக்கிச் சோதிக்கும் கருவி ஒன்று அவர்களது முதற் பொருள். வால்ட் டிஸ்னியின் படநிறுவனம் அக்கருவிகளில் எட்டினை வாங்கியது. ஆசிரியர் தம் மாணவர்களுக்கு அளித்த ஊக்கமும் உதவியும் எவ்வளவு தொலைவு சென்றன என்பதற்கு இது சான்று. டெர்மன் அவர்களுக்குக் கட்டடம் எதையும் கட்டிக் கொடுக்கவில்லை. உதவித்தொகை, ஆய்வுக்கூடம், தக்கோர் அறிமுகம் ஆகியவற்றையே கொடுத்தார். பூங்கா வருவதற்கு முன்பே பூங்காவின் பண்பு அங்கே இருந்தது.

3. வெறுமையான ஆலையிற் பிறந்த பெயர்

வளர்காப்பகம் தோன்றிய கதை இதனினும் எளியது. நியூயார்க் மாநிலத்தில் பட்டேவியா என்பது ஒரு சிறிய ஊர். அங்கே வேளாண் பொறிகள் செய்த மாசி-ஹாரிஸ் ஆலை மூடப்பட்டது. ஊரில் வேலையின்மை பெருகிற்று. ஏறத்தாழ 8,50,000 சதுர அடிப் பரப்புள்ள அவ்வாலைக் கட்டடத்தை அவ்வூர் வணிகக் குடும்பமான மான்குசோ குடும்பத்தார் வாங்கினர். அதனை நடத்தும் பொறுப்பு ஜோசப் மான்குசோ என்பவரிடம் அளிக்கப்பட்டது. முழுக் கட்டடத்தையும் எடுத்துக்கொள்ளக்கூடிய பெருநிறுவனம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே அவர் 1959ஆம் ஆண்டில் அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சிறு நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடலானார்.

சிறு நிறுவனங்களுக்கு இடம் மட்டும் போதவில்லை. கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் தனித்தனியே ஆள் வைத்துக்கொள்ள அவற்றால் இயலாது. ஆகவே பொது அலுவலக வசதிகளை மான்குசோ ஏற்படுத்தினார்; முதலீடு திரட்ட உதவினார்; தொழில் நடத்தும் முறையில் அறிவுரையும் வழங்கினார். வந்த நிறுவனங்களுள் ஒன்று கோழிக்குஞ்சுகளைப் பொரிக்கும் நிறுவனம். அதனைக் குறித்து விளையாட்டாக, தாமும் நிறுவனங்களை அடைகாத்துப் பொரிப்பதாக அவர் கூறலானார். ‘இன்குபேட்டர்’ என்னும் பெயர் தொழில் உலகில் இவ்வாறு நிலைபெற்றது.

இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஸ்டான்போர்டில் பூங்கா எழுந்தது நிலம் இருந்து பணம் இல்லாமையால். பட்டேவியாவில் வளர்காப்பகம் எழுந்தது கட்டடம் இருந்து தொழில் இல்லாமையால். இருந்ததைக் கொண்டு இல்லாததை ஈட்டும் முயற்சியே இரண்டிடத்தும் நிகழ்ந்தது.

4. பொறுமையும் திட்டமும்

பூங்கா அமைத்தவுடன் நிறுவனங்கள் திரண்டு வந்துவிடும் என எண்ணலாகாது. அமெரிக்காவின் வட கரோலினாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் நடுவே 1959ஆம் ஆண்டில் ஆய்வு முக்கோணப் பூங்கா தொடங்கப்பெற்றது. தொடக்க ஆண்டுகளில் அதன் வளர்ச்சி மிக மெதுவாகவே இருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் அங்கு வர முடிவு செய்த 1965ஆம் ஆண்டிற்குப் பின்னரே அது தழைக்கலாயிற்று.

தைவான் தீவிலுள்ள சின்சு அறிவியல் பூங்கா திட்டமிட்ட முயற்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தைவான் அரசு 1973ஆம் ஆண்டில் தொழில்நுட்ப ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவியது. 1976ஆம் ஆண்டில் ஆர்.சி.ஏ. என்னும் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து மின்னணுச் சில்லு செய்யும் நுட்பத்தைப் பெற ஒப்பந்தம் செய்து, இளம் பொறியாளர்களைப் பயிற்சிக்கு அனுப்பியது. 1980ஆம் ஆண்டு டிசம்பரில், இரண்டு பல்கலைக்கழகங்களையும் அந்த ஆய்வு நிலையத்தையும் ஒட்டிச் சின்சு பூங்கா திறக்கப்பட்டது. அமெரிக்காவில் பணியாற்றிய தைவான் பொறியாளர்கள் குடும்பத்தோடு திரும்பி வருவதற்காக வீடுகளும், அவர்தம் பிள்ளைகளுக்கு இருமொழிப் பள்ளியும் பூங்காவிலேயே அமைக்கப்பட்டன. பள்ளியின்றிக் குடும்பம் வராது என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

அந்த ஆய்வு நிலையத்திலிருந்து பிரிந்து 1980ஆம் ஆண்டில் யு.எம்.சி. நிறுவனம் தோன்றியது. 1987ஆம் ஆண்டில் மோரிஸ் சாங் என்பவர் டி.எஸ்.எம்.சி. நிறுவனத்தைத் தொடங்கினார். இந்நிறுவனம் தன் பெயரில் சில்லுகளை விற்பதில்லை. பிறர் வரைந்து தரும் வடிவத்தைச் செய்து கொடுப்பதே அதன் தொழில். இதனால், சொந்த ஆலை கட்டப் பணமில்லாத சிறு நிறுவனங்களும் சில்லு வடிவமைப்பில் இறங்க முடிந்தது. ஓரூரில் ஒரு நல்ல நெல் அரைவை ஆலை இருந்தால் உழவர் ஒவ்வொருவரும் ஆலை வைக்க வேண்டுவதில்லை என்பது போன்றதே இது.

5. நம் நாட்டிலும் நம் மாநிலத்திலும்

இந்தியாவில் 1982ஆம் ஆண்டில் நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின்கீழ்த் தொழில்முனைவை வளர்க்கத் தேசிய வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் முயற்சியால் பொறியியற் கல்லூரிகளை ஒட்டித் தொழில்முனைவோர் பூங்காக்கள் தோன்றலாயின. தொடக்க காலத்தவற்றுள் ஒன்று திருச்சிராப்பள்ளி மண்டலப் பொறியியற் கல்லூரியைச் சார்ந்து 1986ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது என்பது நாம் பெருமைப்படத்தக்கது. அக்கல்லூரியே இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகிறது. கோயம்புத்தூரில் பூ.சா.கோ. கல்லூரியைச் சார்ந்தும் இத்தகைய பூங்கா உண்டு. செங்கற்பட்டு மாவட்டம் சிறுசேரியில் பெண் தொழில்முனைவோருக்கெனவே உயிரித் தொழில்நுட்பப் பூங்கா ஒன்று அமைந்துள்ளது. பெண் பிள்ளைகளைப் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுப் பூங்கா 2010ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கியது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா இதனை உருவாக்குவதில் முன்னின்றவர். இங்கே இடம்பெறும் நிறுவனங்கள் வாடகை செலுத்தினால் மட்டும் போதாது. கழகத்துடன் கூட்டாக ஆய்வு செய்தல், மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தல் முதலிய பணிகளால் குறிப்பிட்ட அளவு மதிப்புப் புள்ளிகளையும் ஈட்ட வேண்டும். முன்னர் நாம் கூறிய உயிர்த்தொடர்பு அறுந்துவிடாமல் காக்கும் விதி இதுவே.

இங்கே வளர்ந்த இரண்டு நிறுவனங்களைக் காண்போம். ஏதர் எனர்ஜி என்னும் மின் ஸ்கூட்டர் நிறுவனத்தை அக்கழகத்தில் பயின்ற இளைஞர் இருவர் 2013ஆம் ஆண்டில் தொடங்கினர். அவர்களது முதல் வண்டி 2018ஆம் ஆண்டில்தான் விற்பனைக்கு வந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் வடிவமைப்பிலும் சோதனையிலுமே கழிந்தன. 2025ஆம் ஆண்டில் அந்நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அப்பொழுதும் அது இலாபம் ஈட்டும் நிலையை எய்தியிருக்கவில்லை. மற்றொன்று அக்னிகுல் காஸ்மோஸ் என்னும் விண்கல ஏவுகணை நிறுவனம். 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அது, பலமுறை ஒத்திவைத்த பின், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் முதற் சோதனை ஏவுகணையைச் செலுத்தியது. முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக வார்க்கப்பட்ட எந்திரம் அதில் பயன்பட்டது. இரண்டு இளைஞர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து இத்தகைய வேலையைச் செய்துவிட இயலாது. எரிதல் பற்றிய ஆய்வில் தேர்ந்த பேராசிரியரும், அதற்குரிய ஆய்வுக்கூடமும் அருகிலிருந்தமையாலேயே அது கைகூடியது.

6. உள்ளே நடப்பது என்ன?

வளர்காப்பகத்தில் சேர விரும்புவோர் முதலில் தம் கருத்தை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். வல்லுநர் குழு நேரில் வினவும். மூன்று செய்திகளை அவர்கள் ஆராய்வார்கள்: இப்பொருள் எந்தக் குறையைத் தீர்க்கிறது? இதனை விலை கொடுத்து வாங்குவோர் யார்? இதனைச் செய்து முடிக்கும் திறன் இவர்களிடம் உண்டா?

சேர்ந்த பின் குறைந்த வாடகையில் இடம், பொதுக் கருவிகள், துறை அறிந்த வழிகாட்டி, காப்புரிமை பெறுவதற்கும் நிறுவனத்தைப் பதிவு செய்வதற்கும் உதவி ஆகியன கிடைக்கும். அரசின் உதவிப் பணமும் பெரும்பாலும் இவற்றின் வழியாகவே வருகிறது. முன்மாதிரி செய்ய 10 இலட்சம் ரூபாய் வரை வழங்கும் திட்டம் ஒன்றும், உயிரித் தொழில்நுட்ப ஆய்வுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை வழங்கும் திட்டம் ஒன்றும் நடுவண் அரசால் ஏற்படுத்தப்பட்டன. 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட விதைநிதித் திட்டம் 945 கோடி ரூபாய் மதிப்புடையது. இத்திட்டங்களின் விதிகள் அவ்வப்பொழுது மாறும். விண்ணப்பிக்குமுன் நேரில் கேட்டறிதல் வேண்டும்.

இவற்றிற்கு ஈடாகப் பல வளர்காப்பகங்கள் நிறுவனத்தில் சிறு பங்கினைப் பெறுகின்றன. இதனைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். இரண்டு நண்பர்கள் ஆளுக்கு 50 விழுக்காடு பங்குடன் தொடங்குகின்றனர் எனக் கொள்வோம். வளர்காப்பகம் 5 விழுக்காடு பெறுமாயின், நண்பர்களின் பங்கு ஆளுக்கு 47.5 ஆகும். பின்னர் முதலீட்டாளர் ஒருவர் 40 இலட்சம் ரூபாய் தந்து 20 விழுக்காடு பங்கினைப் பெறுகிறார். ஏனையோர் பங்கு ஒவ்வொன்றும் ஐந்தில் நான்காகக் குறையும். இப்பொழுது நண்பர்களுக்கு ஆளுக்கு 38, வளர்காப்பகத்திற்கு 4, முதலீட்டாளருக்கு 20, கூட்டினால் 100. இக்கணக்கின்படி நிறுவனத்தின் மதிப்பு 2 கோடி ரூபாய். நண்பர் ஒருவரது பங்கின் மதிப்பு 76 இலட்சம். ஆனால் அது ஏட்டு மதிப்பே. வந்த 40 இலட்சமும் தொழிலுக்கு உரியது. வீட்டுச் செலவிற்கு உரியதன்று. “என் பிள்ளை இரண்டு கோடி ரூபாய் நிறுவனத்திற்கு உரிமையாளர்” என்று உறவினரிடம் கூறுமுன் பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

7. குடும்பம் ஆராய வேண்டுவன

நம்மிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர், இன்று வேளாண்மை செய்பவர், சில மாதங்களுக்குமுன் நம்மிடம் வந்தார். அவருடைய மகள் மின்னணுப் பொறியியல் முடித்தவள். நெல்லின் ஈரப்பதத்தைக் களத்திலேயே அளக்கும் மலிவான கருவி செய்ய விரும்புகிறாள். கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டிற்கு மேல் ஈரம் என்று நெல்லைத் திருப்பிவிடும் துன்பத்தைத் தன் தந்தையிடம் கண்டவள் அவள். “டீச்சர், கையில் வேலை உத்தரவு இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏதோ பூங்கா என்கிறாள். அவள் கல்யாணத்துக்கென்று வைத்த ஒரு ஏக்கரை விற்றுக் கொடுக்கவா, கூடாதென்று சொல்லிவிடவா?” என்று அவர் கேட்டார்.

நாம் அவருக்குச் சொன்னது இதுதான்: இரண்டும் வேண்டா. நிலத்தைக் கொடுக்க வேண்டா, காலத்தைக் கொடுங்கள். ஒரு வளர்காப்பகம் ஏற்கத் தக்கதெனக் கருதும் முயற்சிக்குத் தொடக்கத்திலேயே குடும்பச் சொத்து தேவைப்படாது. அதற்காகத்தான் அரசின் உதவிப் பணம் இருக்கிறது. மகளுக்குத் தேவைப்படுவது இரண்டாண்டு உணவும் உறைவிடமும், “எப்பொழுது வேலைக்குப் போவாய்?” என்று நாள்தோறும் கேட்காத வீடுமே.

அத்துடன் சட்டம் பற்றிய ஒரு செய்தியையும் விளக்கினோம். தனியார் வரையறை நிறுவனமாகப் பதிவு செய்தால், தொழில் நட்டமடையும்போது பங்குதாரரின் இழப்பு அவர் போட்ட முதலோடு நின்றுவிடும். ஆனால் நிறுவனத்தின் கடனுக்குத் தந்தை பிணையாகக் கையெழுத்திட்டாலோ, நிலத்தை அடைமானம் வைத்தாலோ, அந்த அளவிற்கு அப்பாதுகாப்பு அற்றுப்போகும். வேலி போட்டுவிட்டு நாமே வாயிலைத் திறந்து வைப்பது போன்றது அது. சிறுதொழில்களுக்குச் சொத்துப் பிணையின்றி வங்கிக் கடன் கிடைக்க உதவும் உத்தரவாத நிதியம் 2000ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. கையெழுத்திடுமுன் வங்கியில் அதனைப் பற்றிக் கேட்க வேண்டும்.

தந்தையும் மகளும் சேர்ந்தே ஒரு வளர்காப்பகத்திற்குச் சென்று வந்தனர். ஈரப்பதம் அளக்கும் கருவிகள் சந்தையில் முன்பே இருக்க, உழவர் உன்னுடையதை ஏன் வாங்க வேண்டும் என்று அங்கே கேட்டனராம். அவ்வினாவை அவள் வீட்டில் யாரும் கேட்டிருக்கவில்லை. விடைதேடி அவள் தன் ஊரிலும் அடுத்த ஊர்களிலும் உழவர் பலரைக் கண்டு பேசிய பின்னரே இடம் கிடைத்தது. அப்பெண் இப்பொழுது தன் முன்மாதிரியைச் சோதித்து வருகிறாள். வெல்வாளா என்பது இனித்தான் தெரியும். நிலம் நிலமாகவே இருக்கிறது.

புதிய நிறுவனங்களுள் நிலைப்பவை சிலவே, மறைபவை பல. ஆயினும் இரண்டாண்டு முயன்று தோற்ற பொறியாளர் வெறுங்கையராய்த் திரும்புவதில்லை. வாங்குவோரிடம் பேசவும், கணக்கு எழுதவும், குறித்த நாளில் பொருளை முடிக்கவும் அவர் கற்றிருப்பார். மீட்க முடியாதது விற்றுவிட்ட நிலமும், ஏறிவிட்ட கடனுமே. அவ்விரண்டையும் தவிர்த்தால், தோல்வியையும் ஒரு படிப்புச் செலவாகவே கொள்ளலாம்.

8. வீட்டில் உரையாட வேண்டிய வினாக்கள்

இவ்வினாக்களைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து, ஒரு தாளில் விடை எழுதிப் பார்க்க வேண்டுகிறோம்.

அ. செய்யப்போகும் பொருள் யாருடைய எந்தக் குறையைத் தீர்க்கிறது? அத்தகையோர் பத்துப் பேரிடமாவது நேரில் பேசியாயிற்றா?

ஆ. சேரவிருக்கும் பூங்காவில் நமக்குத் தேவையான ஆய்வுக்கூடமும் வழிகாட்டியும் உண்டா, அல்லது மேசையும் நாற்காலியும் மட்டுமா?

இ. வளர்காப்பகம் எத்தனை விழுக்காடு பங்கு பெறும்? எத்தனை மாதங்களில் வெளியேற வேண்டும்?

ஈ. கூட்டாளிகளிடையே பங்கும் பணியும் எழுத்தில் உள்ளனவா? ஒருவர் நடுவே விலகினால் என்ன செய்வது?

உ. குடும்பம் தரக்கூடிய உயர்ந்த அளவுத் தொகை எவ்வளவு? அதற்குமேல் ஒரு ரூபாயும் இல்லை என்பதை இருசாராரும் ஏற்றனரா?

ஊ. எந்த நாளில், எந்த நிலையில், இம்முயற்சியை நிறுத்திவிட்டு வேலை தேடுவது?

இறுதி வினாவிற்கு விடை எழுதப் பலர் தயங்குவர். தொடங்குமுன் அமைதியான மனத்துடன் குறித்த நாள், கடன் நெருக்கும்பொழுது கலங்கிய மனத்துடன் எடுக்கும் முடிவினும் மேலானது. ஆதலின் அவ்விடையையே முதலில் எழுதுக.